பூச்சிப் படைக்குப் பழுப்பும் ஆரஞ்சும்: டப்பா வாங்கும் முன் ஒரு வழிகாட்டி

மேஜையில் வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கான சின்னப் பொம்மைகளில், நான் முதன்முதலாகப் பெயிண்ட் அடித்த ஏலியன் பூச்சிகள் மொத்தம் 12. முதுகு ஓட்டுக்கு ஒரு நடுத்தரப் பழுப்பு, உடம்புக்குக் காவி கலந்த ஆரஞ்சு, எல்லாவற்றுக்கும் மேலே தாராளமாக ஒரு பழுப்பு வாஷ் (பள்ளங்களில் தேங்கி நிழல் தரும் நீர்த்த பெயிண்ட்). டப்பாக்களாக வரிசையில் நின்றபோது ஒவ்வொரு நிறமும் கண்ணைப் பறித்தது. பொம்மையை மூக்கருகே பிடித்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. மேஜையில் நிறுத்திவிட்டு மூன்றடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தேன். 12 மண்ணாங்கட்டிகள். எது ஓடு, எது கால், எது வாய் என்று அடித்த எனக்கே பிடிபடவில்லை.

பெயிண்ட் நல்ல பெயிண்ட்தான். கையும் அவ்வளவு மோசமில்லை. நான் எடுத்த பழுப்பும் ஆரஞ்சும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் இருந்தன, அவ்வளவுதான் விஷயம். இரண்டுக்கும் நடுவே டார்க்-லைட் இடைவெளி இல்லை. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் எந்தக் கம்பெனி டப்பாவை எடுத்தாலும் பூச்சி பூச்சியாகத் தெரியும். பிடிபடாவிட்டால் அலமாரி நிறைய டப்பா சேரும், பொம்மை மட்டும் அப்படியே இருக்கும்.

முதலில் ஒரு சின்னச் சோதனை

வானவில்லில் பழுப்பு கிடையாது. பழுப்பு என்று நாம் சொல்வது இருண்டுபோன ஆரஞ்சைத்தான். நம்ப முடியாவிட்டால் ஒரு சொட்டு ஆரஞ்சை எடுத்து வெள்ளைத் தாளில் ஒரு கட்டம் அடியுங்கள். அதே ஆரஞ்சில் பிரஷ் நுனியால் துளி கறுப்பு கலந்து பக்கத்தில் இன்னொரு கட்டம். மறுபடி துளி, மறுபடி கட்டம். நான்காவது ஐந்தாவது கட்டத்துக்குள் ஆரஞ்சு என்ற பேச்சே போய்விடும். யாரிடம் காட்டினாலும் பழுப்பு என்பார்கள். சுற்றியிருக்கும் வெள்ளைத் தாளோடு ஒப்பிட்டுத்தான் கண் அதைப் பழுப்பு என்று முடிவு செய்கிறது. இருட்டறையில் அதே கட்டத்தின் மேல் மட்டும் விளக்கொளி விழுந்தால் மறுபடி ஆரஞ்சு மாதிரி தெரியத் தொடங்கும்.

இதில் ஒரு வசதி, ஒரு வம்பு. இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் எந்தப் பழுப்பை எந்த ஆரஞ்சோடு சேர்த்தாலும் சண்டை போடாது. புதிதாக வருகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. வம்பு என்னவென்றால், ஒரே குடும்பம் என்பதாலேயே நடுவில் இடைவெளி குறைந்தால் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடும். சிவப்பும் பச்சையும் ஒரே அழுத்தத்தில் இருந்தாலும் தனித்தனியாகத் தெரியும். பழுப்புக்கும் ஆரஞ்சுக்கும் அந்தச் சலுகை இல்லை.

படி 1: டப்பாவுக்கு முன்னால் பூச்சியைப் பாருங்கள்

ஏலியன் என்று பெயர்தான். செதுக்கியவர் பார்த்துச் செதுக்கியது நிஜப் பூச்சிகளை. ஆகவே நிறத்துக்கும் அங்கேதான் போக வேண்டும்.

கரப்பான்பூச்சி தோலுரித்த கொஞ்ச நேரம் வெள்ளை வெளேரென்று இருக்கும். பிறகு சில மணி நேரத்தில் அதன் மேலோடு இறுகி, இறுக இறுகப் பழுப்பேறும். கடினமான இடம் கருக்கும், மெத்தென்ற இடம் வெளிறி நிற்கும் என்பது பூச்சிகளிடம் பரவலாகக் காணும் வழக்கம். கால் மூட்டிலும் வயிற்றுத் தகடுகளுக்கு இடையிலும் இருக்கிற சவ்வு வெளிர் நிறமாக இருப்பது இதனால்தான். தாடை நுனியும் நக நுனியும் கறுப்புக்குப் பக்கத்தில் போய்விடும்.

உங்கள் பொம்மைக்கு இதைவிட நல்ல வரைபடம் வேண்டாம். ஓடு டார்க், சதை லைட், மூட்டு அதைவிட லைட், நகமும் கொடுக்கும் எல்லாவற்றையும் விட டார்க். இந்த வரிசையை மாற்றாமல் எந்த நிறத்தை அடித்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு அது உயிருள்ள பூச்சியாகப்படும்.

பழுப்பு-ஆரஞ்சு ஜோடிக்கென்று பார்த்தால் குளவி இனத்தில் அள்ளக் குறையாது. ஆசிய ராட்சதக் குளவிக்கு ஆரஞ்சுத் தலை, கரும்பழுப்பு நெஞ்சு, வயிற்றில் மாறி மாறிப் பட்டைகள். கீழைக் குளவி உடம்பு முழுக்கச் செம்பழுப்பு. முகத்திலும் வயிற்றிலும் மட்டும் பளிச்சென்ற மஞ்சள். அமெரிக்கக் கரப்பான் என்று பெயர் பெற்ற பெரிய வகையின் தலைக்குப் பின்னால் இருக்கும் கவசத்தைக் கவனியுங்கள். நடுவில் செம்பழுப்பு, ஓரத்தில் வெளிர் மஞ்சள் விளிம்பு. அருவருப்பை ஒரு நிமிடம் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால், ஓட்டின் விளிம்பை எப்படித் தீட்டுவது என்று அது பாடமே நடத்துகிறது. பூரானில் சில வகைகளுக்குக் கருத்த உடம்பும் ஆரஞ்சுக் கால்களும் உண்டு. ‘கிட்டே வராதே’ என்று இயற்கை எழுதி வைக்கும் பலகை அது.

படி 2: யார் முதலாளி என்று முடிவு செய்யுங்கள்

பழுப்புக்கும் ஆரஞ்சுக்கும் சரிபாதி இடம் கொடுத்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். ஒன்று பெரும்பங்கை ஆள வேண்டும். எனக்குத் தெரிந்து மூன்று ஏற்பாடுகள் நன்றாக வேலை செய்கின்றன.

ஒன்று, கரும்பழுப்பு ஓடு, ஆரஞ்சு உடம்பு. தூரத்திலிருந்தே எடுப்பாகத் தெரியும். ஆனால் உடம்பு முழுக்க ஆரஞ்சு அடிப்பது பொறுமையைச் சோதிக்கும். காரணம் படி 4-ல்.

இரண்டு, ஆரஞ்சு ஓடு, கரும்பழுப்பு உடம்பு. நான் மேலே சொன்ன இயற்கை வரிசைக்கு இது நேர்மாறு. எச்சரிக்கை நிறம் தரித்த விஷப்பூச்சி போல மிரட்டலாக இருக்கும். தலைவன் மாதிரி ஒன்றிரண்டு பெரிய உருவங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். படை முழுக்க அடித்தால் கண் கூசும் என்பது என் அபிப்பிராயம்.

மூன்று, எலும்பு நிற உடம்பு, கரும்பழுப்பு ஓடு, ஆரஞ்சு சில இடங்களில் மட்டும்: ஓட்டு விளிம்பு, முதுகில் புகைபோக்கி மாதிரி நிற்கும் துளைகள், நாக்கு, விஷப்பை. முதல் படை அடிக்கிறவர்களுக்கு நான் கை காட்டுவது இதைத்தான். ஆரஞ்சு பத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும், பார்ப்பவர் ‘ஆரஞ்சுப் பூச்சிகள்’ என்றுதான் நினைவில் வைத்துக்கொள்வார். வார்ஹேமர் 40,000 என்ற மேஜைப் போர் விளையாட்டில் வரும் டைரனிட் என்னும் ஏலியன் பூச்சிக் கூட்டங்களில் லெவியாத்தன் என்ற கூட்டத்துக்கு வெளிறிய எலும்பு நிற உடம்பும் ஊதா ஓடும் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஊதாவை எடுத்துவிட்டுக் கரும்பழுப்பைப் போட்டால் இந்த மூன்றாவது ஏற்பாடு வந்துவிடும்.

படி 3: பழுப்பைத் தேர்ந்தெடுப்பது

கடை அலமாரியில் பழுப்பு இருபது வகை இருக்கும், பெயர்கள் ஒன்றுக்கும் உதவாது. அவற்றை மூன்றே குடும்பமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சிவப்பு தொனிக்கும் செம்பழுப்பு, மஞ்சள் தொனிக்கும் மண்பழுப்பு, சாம்பலோ கறுப்போ தொனிக்கும் குளிர்ந்த பழுப்பு.

டப்பா மூடியைப் பார்த்து எந்தக் குடும்பம் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். டார்க் பழுப்பு எல்லாமே டப்பாவுக்குள் கறுப்பாகத்தான் தெரியும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வைத்து, ஈரப் பிரஷ்ஷால் தண்ணீர் விட்டு இழுத்துப் பாருங்கள். நீர்த்துப்போன ஓரத்தில் உள்ளே ஒளிந்திருக்கும் நிறம் வெளியே வந்துவிடும். ஒன்று ரோஜாத் தொனியில் கசியும், இன்னொன்று மஞ்சளாக, மற்றொன்று அழுக்குத் தண்ணீர் மாதிரி சாம்பலாக.

சிட்டடெல் என்ற பெயிண்ட் வரிசையை எடுத்துக்கொண்டால் ரைனாக்ஸ் ஹைட் கரும்பழுப்பு, உள்ளுக்குள் சற்றுச் சிவப்பு. டிரையாட் பார்க் அதைவிடச் சாம்பல், மரப்பட்டைக்கு ஏற்றது. மோர்ன்ஃபாங் ப்ரவுன் நல்ல செம்பழுப்பு. ஸ்க்ராக் ப்ரவுன் பழுப்பா ஆரஞ்சா என்று சண்டை போடலாம், அப்படி நடுவில் நிற்கும். எக்ஸ்வி-88 மஞ்சள் பக்கம். வயேஹோ கம்பெனியின் மாடல் கலர் வரிசையில் இதே வேலைகளுக்கு ஜெர்மன் கேமஃப்ளாஜ் பிளாக் ப்ரவுன், ஃப்ளாட் ப்ரவுன், ஆரஞ்சு ப்ரவுன் மூன்றும் இருக்கின்றன.

ஆரஞ்சோடு சேர்க்கப் போகிறோம் என்பதால் ஓட்டுக்குச் செம்பழுப்புக் குடும்பத்தில் டார்க்கானதாக ஒன்றை எடுங்கள். சாம்பல் தொனிக்கும் பழுப்பை வேண்டாம் என்று ஒதுக்க மாட்டேன். அதன் பக்கத்தில் ஆரஞ்சு இன்னும் கனன்று தெரியும். ஆனால் அந்தப் பழுப்பின் மேல் ஆரஞ்சு ஹைலைட் (மேடான இடங்களில் வைக்கும் வெளிர்த் தீற்றல்) போடும்போது இரண்டும் ஒட்டாமல் நிற்கும். மேலே வைத்தது போலவே இருக்கும். கை பழகிய பிறகு முயற்சி செய்யுங்கள்.

இந்த முழுக் கட்டுரையிலும் ஒரே ஒரு டப்பாவைக் கட்டாயம் வாங்குங்கள் என்று சொல்ல வேண்டுமானால் அந்த நடுவில் நிற்கும் ஆரஞ்சுப் பழுப்பைத்தான் சொல்வேன். ஸ்க்ராக் ப்ரவுனோ, வயேஹோவின் ஆரஞ்சு ப்ரவுனோ, வேறு கம்பெனியில் அதற்கு ஒப்பானதோ. கரும்பழுப்பிலிருந்து ஆரஞ்சுக்குப் போகும் பாலம் அது. பாலம் இல்லாமல் கரும்பழுப்பின் மேல் நேரே ஆரஞ்சுக் கோடு இழுத்தால் கார்ட்டூன் மாதிரி இருக்கும். நடுவில் இது ஒரு பூச்சு இருந்தால் ஓட்டுக்குள்ளிருந்தே வெளிச்சம் வருவதுபோல் இருக்கும். ஆரஞ்சுக்கு அடிப்பூச்சாகவும் இதுவே உதவும். ஒரு டப்பாவுக்கு இரண்டு வேலை.

படி 4: ஆரஞ்சு, அதன் தொல்லைகள்

பழுப்புப் பெயிண்ட் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு நிறமிகளால் ஆனது. துருவின் உறவினர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிறமி ஒளியைக் கீழே விடாது, ஆகவே இரண்டு மெல்லிய பூச்சில் எதையும் மூடிவிடும். பளிச்சென்ற ஆரஞ்சுகளில் பெரும்பாலும் செயற்கைக் கரிம நிறமிகள்தாம். அவற்றில் பல ஒளி ஊடுருவுகிற ரகம். கறுப்புப் பிரைமர் (பெயிண்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் பூச்சு) மேல் அடித்தால் ஐந்து பூச்சுக்குப் பிறகும் திட்டுத்திட்டாக, ஈரச் சுவர் மாதிரி நிற்கும். புதியவர்கள் அங்கே பொறுமை இழந்து தண்ணீர் கலக்காமல் தடிமனாக அப்புவார்கள். செதுக்கல் விவரம் எல்லாம் மூடிப்போகும். அப்பியவன் சொல்கிறேன்.

வழி சுலபம். ஆரஞ்சு வரவேண்டிய இடத்துக்குக் கீழே வெளிர் நிறமோ ஆரஞ்சுப் பழுப்போ இருக்க வேண்டும். வெள்ளை அல்லது எலும்பு நிறப் பிரைமர் மேல் ஆரஞ்சு கொழுந்துவிட்டு எரியும். ஆரஞ்சுப் பழுப்பு மேல் அடித்தால் கொஞ்சம் முதிர்ந்த, துருவேறிய ஆரஞ்சு கிடைக்கும். பூச்சிக்கு எனக்குப் பிடித்தது இரண்டாவது.

டப்பா விஷயத்தில், சிட்டடெலின் ஜொக்கேரோ ஆரஞ்சு அடிப்பூச்சு வகை, ஓரளவு மூடும், சற்றுச் சிவப்புப் பக்கம். ட்ரோல் ஸ்லேயர் ஆரஞ்சு பளிச்சென்றது. ஃபயர் டிராகன் பிரைட் இன்னும் வெளிர், விளிம்புக்கு மட்டும். மூன்றையும் வாங்க வேண்டியதில்லை. நடுவில் உள்ளதை மட்டும் எடுத்தால் மற்றதைக் கலந்துகொள்ளலாம்.

கலப்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆரஞ்சை லைட்டாக்க வெள்ளை கலந்தால் இளஞ்சிவப்புக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் ஒரு முழுக் குழுவும் சோப்பு நிறத்தில் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளைக்குப் பதிலாக மஞ்சளோ எலும்பு நிறமோ கலக்குங்கள். மஞ்சள் கலந்தால் சூடு ஏறும், எலும்பு நிறம் கலந்தால் வெயிலில் வெளிறியது போல் ஆகும். டார்க்காக்கக் கறுப்பு வேண்டாம், சேறு தட்டும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் செம்பழுப்பையே கலந்தால் நிழல் உயிரோடு இருக்கும்.

ஃப்ளூரசென்ட் ஆரஞ்சைப் பார்த்து மயங்காதவர்கள் குறைவு. விஷப்பைக்கு ஒரு துளி, சரி. உடம்புக்கு வேண்டாம். அந்த நிறமிகள் வெளிச்சத்தில் வெளிறக்கூடியவை, ஜன்னலோர அலமாரியில் நிற்கும் படைக்கு ஆகாது.

படி 5: வாங்க வேண்டியவை

பிரைமர், வார்னிஷ், துளி கறுப்பு நீங்கலாக ஆறு டப்பா. கரும்பழுப்பு, ஆரஞ்சுப் பழுப்பு, ஆரஞ்சு, எலும்பு நிறம், ஒரு வாஷ், ஒரு எதிர்நிறம்.

எதிர்நிறம் எதற்கென்றால், ஆரஞ்சுக்கு நேர் எதிரே நிற்பது நீலம். முழுப் பூச்சியும் சூடான நிறங்களில் இருக்கும்போது கண்ணில் மட்டும் நீலமும் பச்சையும் கலந்த ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள், சட்டென்று உயிர் வந்துவிடும். டெம்பிள் கார்ட் ப்ளூ மாதிரி ஒன்று போதும். வருடக்கணக்கில் வரும்.

வாஷ் விஷயத்திலும் கோட்டைவிட்டுத்தான் என் முதல் 12 பூச்சிகளும் மாண்டன. அக்ராக்ஸ் எர்த்ஷேட் போன்ற பழுப்பு வாஷ் எலும்பு நிறத்துக்கும் ஓட்டுக்கும் அருமையானது. ஆரஞ்சு மேல் அதை முழுக்க ஊற்றினால் ஆரஞ்சின் பளிச்சை அப்படியே தின்றுவிடும். ஆரஞ்சுக்கு ரைக்லாண்ட் ஃபிளெஷ்ஷேட், இல்லாவிட்டால் ஃபியூகன் ஆரஞ்சு. ஒரே வாஷ்தான் வாங்க முடியும் என்றால் ரைக்லாண்ட். செம்பழுப்புத் தொனி என்பதால் மூன்று நிறத்துக்கும் பொருந்திப்போகும். ஆர்மி பெயின்டரின் ஸ்ட்ராங் டோன் அக்ராக்ஸ் வேலையைச் செய்யும், அதே எச்சரிக்கையோடு.

2019-இல் வந்த கான்ட்ராஸ்ட் வகைப் பெயிண்டுகளைப் பற்றிக் கேட்பீர்கள். ஒரே பூச்சில் பள்ளத்தில் டார்க்கும் மேட்டில் லைட்டும் தானே விழும் என்பதுதான் அதன் கவர்ச்சி. பூச்சி உடம்பில் வரியும் பள்ளமும் நிறைய என்பதால் நன்றாகவே விழுகிறது. ரெய்த்போன் பிரைமர், சதைக்குக் கிரிஃப்-ஹவுண்ட் ஆரஞ்சு, ஓட்டுக்கு வைல்ட்வுட் அல்லது சைகோர் ப்ரவுன், நகத்துக்கு மறுபடி அதே பழுப்பு. நாற்பது ஐம்பது சின்ன உருவங்களை முடிக்க இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. வழுவழுப்பான பெரிய ஓட்டில் மட்டும் கறை கறையாகத் தேங்கும். அங்கே சாதாரணப் பெயிண்டுக்கே திரும்புங்கள்.

படி 6: பொம்மையைத் தொடும் முன் சோதனை

ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனுக்குப் பிரைமர் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் முதுகு அப்படியே ஓடு மாதிரி வளைந்திருக்கும். பாதிக்குக் கரும்பழுப்பு, பாதிக்கு ஆரஞ்சு, நடுவில் பாலம், ஒரு ஓரத்தில் எலும்பு நிறம். காய்ந்ததும் கைபேசியில் படம் எடுத்து அதைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றுங்கள். நிறம் போய்விட்டதால் டார்க்-லைட் மட்டும் மிஞ்சும். கரும்பழுப்பு கறுப்புக்குப் பக்கத்திலும், ஆரஞ்சு நடுச் சாம்பலிலும், எலும்பு நிறம் வெள்ளைக்குப் பக்கத்திலும் நின்றால் பயமின்றி ஆரம்பிக்கலாம். ஏதாவது இரண்டு ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த இரண்டையும் பொம்மையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். என் முதல் படையின் பழைய படமொன்றை இப்படி மாற்றிப் பார்த்தேன். ஒரே சாம்பல் குவியல்.

விளக்கையும் கவனியுங்கள். மஞ்சள் விளக்கில் ஆரஞ்சும் பழுப்பும் இரண்டும் சூடாகி, உண்மையில் இருப்பதைவிட அழகாகத் தெரியும். பகலில் பார்த்தால் ஏமாற்றம். 5000 முதல் 6500 கெல்வின் வரை உள்ள வெள்ளை விளக்கு, அதிலும் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 90-க்கு மேல் இருந்தால் நல்லது. அது இல்லாவிட்டால் நிறம் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பகல் வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: ஒரே ஒரு பூச்சி, முழுதாக

படை முழுவதையும் வரிசை கட்டி ஆரம்பிக்க வேண்டாம். ஒன்றை எடுத்து முடியுங்கள். நான் செய்கிற வரிசை இது, படி 2-இன் மூன்றாவது ஏற்பாட்டுக்கு.

எலும்பு நிறப் பிரைமர் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். ஓட்டைத் தவிர உடம்பு முழுக்க வாஷ். பிரஷ்ஷில் நிறைய எடுத்து அடிக்கலாம், ஆனால் வயிற்றடியிலும் முழங்காலிலும் தேங்கி நிற்கும் சொட்டை, துடைத்த பிரஷ் நுனியால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். காய்ந்த பிறகு மேடான இடங்களில் மட்டும் எலும்பு நிறத்தை டிரைபிரஷ் செய்தால் (பெயிண்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட பிரஷ்ஷால் லேசாக உரசினால்) சதை முடிந்தது. இதற்கு மேல் அதில் நேரம் செலவழிக்காதீர்கள். யாரும் அங்கே பார்க்கப்போவதில்லை.

எல்லோரும் பார்ப்பது ஓட்டைத்தான். கரும்பழுப்பில் தண்ணீர் கலந்து, பால் போல ஓடும் பதத்துக்குக் கொண்டுவந்து இரண்டு பூச்சு. முதல் பூச்சு திட்டாகத்தான் இருக்கும், பதறி மேலே மேலே தீட்டாதீர்கள், காயட்டும். இரண்டாவது பூச்சு மொழுக்கென்று உட்காரும்.

இப்போது நுனி கூர்மையாக நிற்கும் பிரஷ். பெரிய தகடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சுப் பழுப்பை நீர்க்கக் கலந்து, தகட்டின் பின் விளிம்பில் பிரஷ்ஷை வைத்து நடுவை நோக்கிச் சின்னதாக ஒரு இழுப்பு. மயிர்க்கோடு மாதிரி, முடியும் இடத்தில் தானாக மெலிந்து மறைய வேண்டும். பக்கத்தில் இன்னொன்று, சற்று நீளமாக. அடுத்தது குட்டை. ஒரே நீளத்தில் சீப்புப் பல் மாதிரி போட்டால் செயற்கையாகிவிடும். விளிம்பில் நெருக்கமாகவும் நடுவில் ஆங்காங்கேயும் வரும்படி தகட்டைச் சுற்றி வாருங்கள். ஒரு தகட்டுக்கு இருபது கோடு வரலாம். கை நடுங்கினால் நல்லதுதான், பூச்சி ஓட்டில் நேர்கோடு ஏது?

அடுத்து ஆரஞ்சு. முன்பு போட்ட கோடுகளின் மேலேயே, பாதி நீளத்துக்கு மட்டும், மூன்றில் இரண்டு கோடுகளுக்கு. கடைசியாக, ஆரஞ்சில் கொஞ்சம் எலும்பு நிறம் கலந்து விளிம்பின் மேல் மட்டும் பிரஷ்ஷின் பக்கவாட்டை வைத்து ஓட்டுங்கள். நுனியால் வரைய வேண்டாம். பக்கவாட்டில் ஓட்டினால் விளிம்பு தானே பெயிண்டை வாங்கிக்கொள்ளும். கரப்பான் கவசத்தில் பார்த்த அந்த வெளிர் விளிம்பு இதுதான்.

கோடுகள் ஓட்டோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு தெரிந்தால் வாஷில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஓட்டின் மேல் மெல்லியதாக ஒரு பூச்சு. எல்லாம் ஒரே தோலுக்குள் போய்விடும்.

நகம், கொடுக்கு: அடியில் எலும்பு நிறம், நுனியை நோக்கிக் கரும்பழுப்பு, கடைசி நுனியில் கரும்பழுப்பும் கறுப்பும். மூட்டுச் சவ்வில் எலும்பு நிறத்தில் துளி ஆரஞ்சு. விஷப்பை, துளை, நாக்கு: ஆரஞ்சு. கண்ணில் எதிர்நிறம், ஒரு புள்ளி.

வார்னிஷ் முழுவதும் மேட், அதாவது பளபளப்பு இல்லாதது. அது காய்ந்த பிறகு ஓட்டுக்கு மட்டும் அரைப் பளபளப்புள்ள சாட்டின் வார்னிஷ் பிரஷ்ஷால் அடித்தால் நிஜ வண்டின் முதுகு மாதிரி மெல்லிய பளபளப்பு வரும். முழுப் பளபளப்பு வார்னிஷ் விஷப்பைக்கும் வாய்க்கும்.

படி 8: பேஸ் (பொம்மை நிற்கும் அடித்தட்டு)

இங்கே வந்து எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. பூச்சி பழுப்பு, மண்ணும் பழுப்பு. எடுத்த பாடெல்லாம் மண்ணோடு மண்ணாகப் போகும். நீலம் தொனிக்கும் சாம்பல் பாறை, பனி, வெளிறிய மணல், மங்கிய பச்சைப் பாசி, எது வேண்டுமானாலும் வைக்கலாம். செம்மண் பேஸ் படத்தில் அழகாக இருக்கும், ஆனால் அது பழுப்புப் பூச்சிக்கு இல்லை. வெளிர் உடம்பும் கரிய ஓடும் உள்ள பூச்சிக்கு நடுத்தரச் சாம்பல் பேஸ் எப்போதும் காப்பாற்றும். பேஸின் சுற்று விளிம்பைக் கரும்பழுப்பால் முடித்தால் ஓட்டோடு ஒரு தொடர்பு கிடைக்கும்.

முதல் பூச்சி திருப்தியாக வந்துவிட்டால் கலந்த அளவை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிடுங்கள். ‘ஆரஞ்சு 2 சொட்டு, எலும்பு 1 சொட்டு’ என்கிற அளவுக்கு எழுதினால் போதும். ஒரு மாதம் கழித்து அடுத்த குழுவை எடுக்கும்போது நினைவு கை கொடுக்காது. ஸ்பூனையும் தூக்கி எறியாதீர்கள், பின்புறத்தில் டப்பாப் பெயர்களைப் பேனாவால் எழுதி வைத்தால் அதுவே உங்கள் நிறப் பட்டியல்.

என் பழைய 12 பூச்சிகளை என்ன செய்தேன் என்று கேட்பவர்களுக்கு: பெயிண்டை உரித்து எடுக்கவில்லை. ஓட்டின் மேல் மட்டும் மறுபடி கரும்பழுப்பு, மூட்டுகளில் எலும்பு நிறம், விளிம்பில் வெளிர் ஆரஞ்சுக் கோடு ஒன்றே ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம் ஆனது. இப்போது மூன்றடி தள்ளி நின்றாலும் கால் எங்கே, தலை எங்கே என்று தெரிகிறது. சோப்பு நிறக் குழு மட்டும் இன்னும் வரிசையில் காத்திருக்கிறது.